சாதனம் கிடைக்கவில்லை

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடத்தோடு சேர்ந்து ஓர் இலவச மருத்துவமனையும் நடந்தது. இரண்டையும் நடத்திய அருளம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் சடகோபனுக்கு அறுபத்திரண்டு. சர்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் இளம்பரிதி கடலில் காணாமல் போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். தன் வீட்டுக் கம்ப்யூட்டரையே மருத்துவமனைக்குக் கொடுத்து, தானே அதைப் பார்த்துக்கொண்டார்.

அந்த மாதம் மூன்றாவது முறையாக டிஸ்க் நிரம்பியது. டாக்டர் எழுதிய குறிப்புகள் எதுவும் சேமிக்கப்படவில்லை. ஊசி ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்ணுக்கு மறுநாள் அதே ஊசியைப் போட்டுவிட்டார்கள். மூச்சுத் திணறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவள், மயிரிழையில் பிழைத்தாள்.

சடகோபன் அருளம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"என் தப்புதான் அம்மா."

"டிஸ்க்கை எது நிரப்புது?"

"எங்க வீட்டு போன்கள்ல இருந்து கிளவுடுக்குப் படம் ஏத்துற புரோகிராம். தான் என்ன செய்யுதுன்னு அது வரிவரியா எழுதி வைக்கிற லாக் ஃபைல்."

"அழிக்கலையா?"

"அழிச்சேன். மறுபடி எழுதி எழுதி நிரப்பிடுது."

"அப்படி என்னதான் எழுதுது?"

சடகோபன் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் பார்த்தார்.

அருளம்மை எழுந்து கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். சடகோபனை உட்கார வைத்து, ஃபைலைத் திறக்கச் சொன்னார்.

"சத்தமா படிங்க."

"பரிதியின் போன். தேடுகிறது. சாதனம் கிடைக்கவில்லை. மீண்டும் முயலும்."

"அடுத்த வரி."

"பரிதியின் போன். தேடுகிறது. சாதனம் கிடைக்கவில்லை. மீண்டும் முயலும்."

"அடுத்தது."

சாப்பாட்டு மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. சடகோபனின் குரல் கம்மியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தார். ஒரு கட்டத்தில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

"அது தேடுற போன்களோட பட்டியல்ல இருந்து அவன் போனை எடுத்துட்டா போதும். தேடுறது நின்னுடும். எனக்கு முதல் நாளே தெரியும் அம்மா."

"ஏன் எடுக்கலை?"

"போலீஸ் தேடுறதை நிறுத்திட்டாங்க. மீன்பிடிக்கிறவங்களும் கையை விரிச்சிட்டாங்க. அவனைப் பெத்தவளே போட்டோவுக்கு மாலை போட்டுட்டா. மூணு வருஷமா அவனைத் தேடிக்கிட்டு இருக்கிறது இது ஒண்ணுதான்."

அருளம்மை திரையில் இருந்த வரிகளைக் காட்டினார்.

"இவ்வளவு நேரம் படிச்சீங்களே, இதுல எங்கேயாவது உங்க பையன் இருந்தானா?"

சடகோபன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டியலைத் திறந்தார். 'இந்தச் சாதனத்தை நீக்கவா?' என்று திரை கேட்டது. அவர் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றது. அவர் திரும்பி அருளம்மையைப் பார்த்தார். அருளம்மை அவர் கையைத் தொடவுமில்லை, தலையசைக்கவுமில்லை.

அவரே அழுத்தினார். பிறகு லாக் ஃபைல்களையும் ஒவ்வொன்றாக அழித்தார்.

டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு சுருங்கி, மிச்சமெல்லாம் வெள்ளை ஆனது.

"எவ்வளவு இடம் காலியாக் கிடக்குது அம்மா," என்றார் சடகோபன்.

"ஆமா. இத்தனை நாளா அதைத்தான் நீங்க பார்க்காம இருந்தீங்க."