கொடிமாறன் நகர்

முன்னொரு காலத்தில் அல்லிப்பட்டணத்தைக் கொடிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட, தன் பெயரை எழுத இடம் தேடிக்கொண்டிருந்தான் என்பதே சரி. அரண்மனைக் கரண்டியில்கூட அவன் பெயர்தான்.

பட்டணத்தின் நடுவே ஒரு பெரிய சோலை. ஐப்பசி பிறந்ததும் நாரைகள் வந்து கூடு கட்டும். அந்தச் சத்தத்தில்தான் பக்கத்துப் பட்டறையில் கல் கொத்துவான் மருதாசலம். ஊர்த் தெருக்களுக்கெல்லாம் பெயர்க்கல் அடித்தவன் அவன். நாரைகள் வரத் தாமதமானால் அவனுக்கு உளியே ஓடாது.

நகர மந்திரி அளகேசருக்கோ சோலையைப் பார்த்தாலே கை அரிக்கும். "சும்மா கிடக்கிற இடம், மகாராஜா! மரங்களை வெட்டி மாளிகைகள் கட்டுவோம். 'கொடிமாறன் நகர்' என்று பெயர் வைப்போம்."

"பறவைகள்?"

"சுவரிலே நாரைப் படம் வரைந்துவிடலாம், பிரபு."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர்க்கல் வேண்டும் என்று மருதாசலத்துக்கு ஆள் போயிற்று. மறுத்தால் தலை போகும், அடித்தால் சோலை போகும். இரண்டு நாள் உளியைத் தொடாமல் யோசித்தான். மூன்றாம் நாள் கல்லை அடித்து முடித்து, சபைக்குப் போய் ஒரு வரம் கேட்டான்.

"கல்லை ஊர்வலமா கொண்டுபோகணுங்க மகாராஜா. வழியிலே நான் அடிச்ச பழைய கல்லையெல்லாம் உங்க திருவாயாலே வாசிக்கணும்."

"பேஷாக!" என்று முந்திக்கொண்டார் அளகேசர். தான் கட்டிய தெருக்களை ராஜா பார்க்கட்டுமே என்ற பூரிப்பு அவருக்கு.

பல்லக்கு கிளம்பியது. "மயில்மேடு," என்று வாசித்தான் ராஜா. "மயில் எங்கே?"

"இருந்துச்சுங்க. மந்திரி வீடு கட்டுனப்போ போயிடுச்சு."

அடுத்தது தாமரைக்குளத் தெரு. குளம் இருந்த இடத்தில் வண்டிப்பேட்டை. மாந்தோப்பு வீதியில் ஊறுகாய்க்கு ஒரு மாவடுகூட இல்லை. நரிக்காட்டு முடுக்கில் காட்டைக் காணோம். நரியைக் கேட்டதற்கு, மருதாசலம் மந்திரியை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

"என்னய்யா இது? பெயர் இருக்கிறது, பெயருக்கு உரியது எதுவும் இல்லையே!" என்று ராஜா சலித்துக்கொண்டான்.

"நம்ம பட்டணத்து வழக்கமே அதுதானுங்க. எதை ஒழிச்சுக்கட்டுறமோ, அதோட பேரைக் கல்லுல வெட்டி வெச்சிருவோம்," என்ற மருதாசலம், சோலை வாசலில் புதுக் கல்லின் துணியை விலக்கினான்.

'கொடிமாறன் நகர்.'

ராஜா வாசித்தான். மறுபடியும் வாசித்தான். கழுத்தைத் தடவிக்கொண்டான். "அளகேசரே, எத்தனை நாளாய் உமக்கு இந்த எண்ணம்?"

மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ பிரபு! வேண்டுமானால் என் பெயரையே வைத்துவிடலாம்!"

"வைத்துவிடலாம். உம் வீடு இருக்கிற மேட்டுக்கு வைப்போம். வழக்கப்படி முதலில் நீர் அங்கிருந்து கிளம்பும்!"

இரண்டே மழையில் 'அளகேசர் மேடு' என்ற கல்லின்மேல் மயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சோலை வாசலிலேயே ராஜா தன் கைக்காப்பைக் கழற்றி மருதாசலத்துக்குப் போட்டான். "சரியப்பா, இந்தச் சோலைக்கு என்ன பெயர் வைக்கலாம்?"

மருதாசலம் பதறிப்போய்க் கும்பிட்டான். "சாமி, பேரு மட்டும் வெச்சிராதீங்க. அது பொழச்சுப் போகட்டும்!"