ராஜா குடிசைக்குப் போன கதை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் ஊருக்குத் தூக்கம் போய்விடும் காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவருடைய சபைக்கு வந்த புலவர் ஒருவர், கூழும் குடிசையுமே சுகம் என்று உருகி உருகிப் பாடினார். பாடிவிட்டுப் பரிசு மூட்டையோடு பல்லக்கில் ஏறிப் போய்விட்டார். கேட்ட ராஜாவுக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை.

"இனி நாம் எளிமையாக வாழ்வோம். இருப்பதைக் கொண்டு வாழ்வதே எளிமை" என்றார். மறுநாளே நந்தவனத்தை வெட்டிக் குடிசை போடும் வேலை தொடங்கிவிட்டது.

அரண்மனை விகடகவி கூத்தனுக்கு அப்போதே முழங்கால் வலித்தது. பின்னே, ராஜாவின் எளிமை என்றால் லேசா? ராஜா பாயில் படுத்தார். அரண்மனையைக் காத்த வீரர்கள் அத்தனை பேரும் அந்தப் பாயைக் காக்க வந்துவிட்டார்கள். ராஜா மண்சட்டியில் கூழ் குடித்தார். ராஜா வாய் வைத்த மண்சட்டியை மறுமுறை புழங்கக்கூடாது என்பது பழைய வழக்கம். வேளைக்கு ஒரு சட்டி உடைந்தது. அவர் உடைப்பதைப் பார்த்துச் சபையில் இருந்தவர்களும் உடைத்தார்கள். ஊரில் சோறு வடிக்கச் சட்டி இல்லாமல் போனது.

"ஏங்க, இன்னிக்கும் சட்டி கெடைக்கல. ஒங்க ராஜா எப்பத்தான் பழையபடி பணக்காரரா ஆவாரு?" என்றாள் கூத்தன் மனைவி செங்கமலம். கூத்தனுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. பல்லக்கையும் செருப்பையும் விட்டுவிட்ட ராஜாவின் பின்னால் வெறுங்காலோடு நடந்து நடந்து அவன் அலுத்துப்போயிருந்தான்.

மந்திரி அனந்தராயருக்கோ எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். பாய்க்கு ஓர் அதிகாரி, சட்டிக்கு ஓர் அதிகாரி என்று தம் மச்சான்மாரையெல்லாம் வேலையில் அமர்த்திவிட்டார். கூத்தன் வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, தாங்கள் பாயில் துயில்கிறீர்கள். இந்தக் கூத்தனோ வீட்டில் கட்டிலில் உறங்குகிறான். தங்கள் விரதத்துக்கு இது இழுக்கு அல்லவா?"

முதுகு வலியில் இருந்த ராஜாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "கூத்தா, நாளை விடிவதற்குள் நம்மைவிட எளிமையாக வாழ்ந்து காட்டு. இல்லாவிட்டால் மனைவியோடு இந்த நாட்டைவிட்டுப் போய்விடு."

இந்த வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவது? கூத்தனுக்கு அழுகை வந்தது, அழவும் தெம்பில்லை. "உத்தரவு, மகாராஜா" என்று மட்டும் சொன்னான்.

விடிந்ததும் கூத்தனை வீட்டில் காணோம். ஓடிப்போய்விட்டான் என்று அனந்தராயர் மகிழ்ந்த நேரத்தில், ஆளில்லாத அரண்மனைப் பள்ளியறையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. ராஜா உள்ளே போய்ப் பார்த்தார். அவருடைய பட்டு மெத்தையில் கூத்தன் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அரசர் கட்டிலில் படுத்த இவன் தலையை வாங்க வேண்டும்" என்றார் அனந்தராயர்.

கூத்தன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். "மகாராஜா, இருப்பதைக் கொண்டு வாழ்வதே எளிமை என்பது தங்கள் வாக்கு. இந்த மெத்தை சும்மா இருந்தது. வாசலில் தடுக்க ஒரு காவலாளி இல்லை. எல்லாரும் தங்கள் குடிசையில் இருக்கிறார்கள். நான் தூங்கியதற்காக ஒருவரும் கண்விழிக்கவில்லை, ஒரு சட்டியும் உடையவில்லை. இதைவிட எளிமையாகத் தூங்க எனக்குத் தெரியவில்லை."

ராஜா கட்டிலருகே வந்தார். மெத்தையை ஒருதரம் கையால் அழுத்திப் பார்த்தார். "நன்றாகத் தூங்கினாயா?"

"ரொம்ப நாளைக்குப் பிறகு, மகாராஜா."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க முதுகு வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார். குடிசையைப் பிரிக்கச் சொன்னார். மந்திரியின் மச்சான்மாரிடம் கூடையைக் கொடுத்துச் சட்டிச் சில்லுகளை அள்ளச் சொன்னார். "கூத்தா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அறுவடை முடியும்வரை தங்களுக்குப் புது யோசனை எதுவும் தோன்றாமல் இருந்தால் போதும், மகாராஜா."

"அப்படியே ஆகட்டும்" என்ற ராஜா, மேல்துண்டைக் கழற்றிக் கட்டில் முனையில் போட்டார்.

"கொஞ்சம் தள்ளிப் படு, கூத்தா."

அன்று சபை கூடவில்லை.