எதிர்த்திசை சீட்டில் மாப்பிள்ளை

காரைக்கால் பக்கத்திலிருந்து மூன்று பேர் பிரான்சுக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஆள் புத்தி இருந்திருந்தால்கூட எனக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது. மாப்பிள்ளை இளவழகன், அவன் அப்பா சிங்காரவேலு, தாய்மாமன் தட்சிணாமூர்த்தி. தங்கியது லியோன் நகரத்தில், ஒரு சொந்தக்காரர் வீட்டில். கல்யாணம் பாரிசில், ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு முகூர்த்தம். அதைத் தவறவிட்டால் மண்டபம் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விடும்.

பெண்ணின் அப்பா குலசேகரன் போனில் சொல்லியிருந்தார்: மாடி வைத்த ரயில், இரண்டு மணி நேரத்தில் பாரிஸ் வந்துவிடும், சீட்டை மட்டும் பார்த்து எடுங்கள் என்று. அவர் சொன்னபடி மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார்கள். பிறகுதான் எடுக்கவே ஆரம்பித்தார்கள்.

கீழேயா மாடியா என்பது முதல் சிக்கல். கீழே உட்கார்ந்தால், கையில் கொண்டுபோகும் தாலிக்கு மேலே ஊர் பேர் தெரியாதவன் காலை நீட்டிக்கொண்டு வருவதா? அதனால் மாடி. தாலியை மடியில் வைத்தால் மரியாதையில்லை என்று அதற்கும் ஒரு டிக்கெட்.

மாடியில் நாலு சீட்டுதான் மிச்சம் இருந்தது. இரண்டு ரயில் போகும் திசையைப் பார்த்தவை, இரண்டு எதிர்த்திசையைப் பார்த்தவை.

"எதிர்த்திசை சீட்டு எங்கே போகும்?" என்று கேட்டார் மாமன்.

"இது என்ன கேள்வி மச்சான்? கிளம்பின இடத்துக்கே போகும். வீட்டுல எதையாவது மறந்துட்டு வந்தவங்களுக்காக வெச்சிருப்பாங்க," என்றார் சிங்காரவேலு.

தாலி திரும்பிப் போனால் அபசகுனம். தாய்மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் கோபித்துக்கொண்டதாகப் பெண் வீட்டார் நினைப்பார்கள். ஆக, நல்ல சீட்டு இரண்டும் தாலிக்கும் மாமனுக்கும் போயின. அப்பாவும் மாப்பிள்ளையும் கழுத்தைத் திருப்பி முன்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தால் பாரிஸ் போய்ச் சேரலாம் என்று முடிவானது.

பட்டு வேட்டியோடு ஏறினார்கள். ஒரு மணி நேரம் கழுத்தைத் திருப்பியபடியே வந்தார்கள், பாவம். அதற்குமேல் முடியவில்லை. கழுத்து தானாகத் திரும்பிக்கொள்ள, இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள்.

ரயில் நின்றபோது ஒலிபெருக்கி பாரிஸ் என்றது. "அது மாமாவுக்குச் சொல்றாங்க," என்றான் இளவழகன், அழாத குறையாக. தூங்கித் தொலைத்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டார் சிங்காரவேலு. மாமனும் மனசு கேட்காமல், அடுத்த வண்டியில் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தாலியோடு இறங்கினார். பெட்டியைத் துடைக்க வந்த அம்மாள் இறங்கச் சொல்லிக் கைகாட்டினாள். இளவழகன் தன் கழுத்தைக் காட்டினான். வலியாக்கும் என்று நினைத்து அவள் போய்விட்டாள்.

கீழே பிளாட்பாரத்தில் காத்திருந்த குலசேகரன் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். "லியோன்ல இருக்கான்," என்றார் மாமன். மாடி ஜன்னலில் மாப்பிள்ளை தெரிந்ததும் குலசேகரனுக்கு உயிரே போய்விட்டது. கத்திக்கொண்டே ஓடினார். கதவு மூடிவிட்டது. பாரிசோடு பாதை முடிகிறது அல்லவா, ரயில் வந்த வழியே லியோனுக்குக் கிளம்பியது. எதிர்த்திசையாக இருந்த சீட்டு இப்போது போகும் திசையைப் பார்த்தது.

"அப்பா, இப்ப நாம நேரா போறோம்," என்றான் இளவழகன். இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே பார்த்தால், சம்பந்தி கையை ஆட்டி ஆட்டி ஓடி வருகிறார். தங்களை வழியனுப்ப லியோன் வரைக்குமா வந்தார் இந்த மனுஷன்! சிங்காரவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போன் போட்டார்.

"இங்க நின்னு நேரத்தை வீணாக்காதீங்க சம்பந்தி. பொண்ணோட அப்பா இல்லாம முகூர்த்தம் எப்படி நடக்கும்? அடுத்த வண்டியப் பிடிச்சுப் பாரிசுக்கு வந்து சேருங்க. எதிர்த்திசை சீட்டு மட்டும் எடுத்துடாதீங்க."