வளைகாப்புக்குப் பூசிய சுவர்

தாமரைக்குளத்துக்குத் தெற்கே, பாறைச் சரிவை ஒட்டி, பிச்சாண்டி என்ற முள்ளம்பன்றியின் வீடு இருந்தது. காட்டில் மற்றவர்களெல்லாம் பொந்திலும் புதரிலும் குடியிருந்தார்கள். பிச்சாண்டிக்கு மட்டும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, சுண்ணாம்புக் காரை பூசிய வீடு. அதனால் தெருவில் நடக்கும்போதே முள்ளைக் கொஞ்சம் சிலிர்த்துக்கொண்டுதான் நடப்பார்.

அந்த வீட்டின் முன்சுவருக்கு நோய் கண்டுவிட்டது. காரை பொரிந்து பொரிந்து விழுந்தது. தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம் கேட்டது. அடியில் உப்புப் பூத்திருந்தது.

வேறு நேரமாக இருந்தால் பிச்சாண்டி கண்டுகொண்டிருக்க மாட்டார். ஆனால் மகள் வடிவுக்கு இது தலைப்பிரசவம். வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் சம்பந்தி வீட்டார் வடிவை இங்கேயே விட்டுப் போவார்கள். குட்டி பிறக்கப் போவது இந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான்.

"ஏங்க, முதல்ல சுவரைச் சரி பண்ணிட்டு அப்புறமா நாள் குறிக்கலாம்னு சொன்னேனே!" என்றாள் மனைவி சிவனம்மா.

"நாள் குறிச்சாத்தான் வேலை ஓடும். உனக்கென்ன தெரியும்?" என்றார் பிச்சாண்டி.

காட்டிலேயே பெரிய கொத்து வேலைக்காரி செவத்தி என்ற குளவி. அவளை வரவழைத்தார். செவத்தி சுவரைத் தட்டிப் பார்த்தாள். கூரை மேல் ஏறினாள். வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நோவு சுவருல இல்ல, மேல இருக்கு. கூரையும் சுவரும் சேருற இடம் வாய் பிளந்து கிடக்கு. பாறையில வழியுற தண்ணி அது வழியாத்தான் உள்ள இறங்குது. முதல்ல அதை அடைக்கணும். அப்புறம் பழைய காரையைக் கல்லு தெரியிற வரைக்கும் கொத்தி எடுக்கணும். பிறகு ஒண்ணு காய்ஞ்சு ஒண்ணா மூணு பூச்சு. பூசி முடிச்சதும் பத்து நாளைக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும்."

"தண்ணி தெளிக்கணுமா! ஈரம் ஆகாதுன்னுதானே உன்னைக் கூப்பிட்டேன்!"

"உள்ள ஊறுற ஈரம் சுவரைத் தின்னும். மேல தெளிக்கிற ஈரம் காரையை இறுக்கும். ரெண்டும் வேற."

"எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசம்."

"வெள்ளிக்கிழமை வளைகாப்பு!"

"அப்போ வளைகாப்பைப் புங்கமரத்தடியில வைங்க. சுவருக்கு நம்ம நாள் நட்சத்திரமெல்லாம் தெரியாது."

அவள் பறந்து போனதும் பிச்சாண்டி முள்ளை விரித்தார். "நூல் மாதிரி ஒரு இடுப்பை வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் நடத்துறா!"

அந்த நேரம் பார்த்து, குளத்துச் சேற்றில் புரண்டு எழுந்த கோலத்தோடு காட்டுப்பன்றி கொம்பையா வந்து நின்றான்.

"சுவர் வேலையா அண்ணாச்சி? நான் பிறந்ததுலேருந்து சேத்துலதான் கிடக்கேன். என்னைவிட அனுபவம் யாருக்கு இருக்கு?"

"பழைய காரையைக் கொத்தி எடுக்கணுமாமே?"

"எதுக்கு? இருக்கிறதுமேல இன்னொண்ணை அப்பினா கனமாகும். கனம்னா பலம்தானே! என்னையே பாருங்க!"

"பத்து நாள் தண்ணி தெளிக்கணுமாமே?"

"அதெல்லாம் தொழில் தெரியாதவங்க பேச்சு. சருகைக் கொளுத்தி அனல் காட்டினா ஒரே பகல்ல காஞ்சிடும்."

"கூரைகிட்ட வாய் பிளந்திருக்காமே?"

"கீழே நின்னு பார்த்தா தெரியுதா?"

"தெரியலை."

"பிறகென்ன? உங்க சம்பந்தி கூரை மேலயா ஏறி உட்காரப் போறாங்க?"

பிச்சாண்டி கேட்ட கேள்விகள் எல்லாமே சரியான கேள்விகள்தான். வந்த பதில் மனசுக்குப் பிடித்திருந்ததால் அதற்கு மேல் கேட்கவில்லை.

கொம்பையா வேலையைத் தொடங்கினான். மூக்கால் சேற்றை அள்ளி அப்பினான். விலாவைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினான். சுவரின் அடியில் மூன்று சின்ன ஓட்டைகளைப் பார்த்ததும் நின்றான்.

"இது என்ன அண்ணாச்சி, மூக்குத் துவாரம் மாதிரி அசிங்கமா?"

சிவனம்மா ஓடி வந்தாள். "ஐயோ, அதைத் தொடாதே! உள்ள இறங்குற தண்ணி வெளியே போறதுக்கு மாமனார் விட்டு வச்ச வழி!"

"எங்கப்பாவுக்கு அழகு பார்க்கத் தெரியாது. நீ அடைச்சிடுப்பா," என்றார் பிச்சாண்டி.

அடைத்தான். அனலும் காட்டினான். மேலே வெள்ளையும் அடித்தான். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் சுவர் பளபளத்தது. குளத்தங்கரையே வந்து பார்த்துவிட்டுப் போனது. கண்பட்டுவிடும் என்று பிச்சாண்டி வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நல்லவேளை, சம்பந்தி வரும் நேரத்துக்கு விட்டுவிட்டது.

சம்பந்தியம்மாள் கோமு சுவரைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "சுவரா இது! உரிச்ச வாழைத்தண்டு மாதிரியில்ல இருக்கு!"

பிச்சாண்டியின் முள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது. "எல்லாம் உங்க மருமகளுக்காகத்தான் சம்பந்தி!" என்றார். எல்லாரும் பார்க்கட்டும் என்று அந்தச் சுவருக்கு அடியிலேயே மணை போட்டு வடிவை உட்கார வைத்தார்.

வளையல் அடுக்கத் தொடங்கினார்கள். சிவனம்மா மெல்ல நகர்ந்து புருஷன் காதருகில் வந்தாள்.

"ஏங்க, சுவரு வயிறு தள்ளி நிக்குது!"

"நல்ல நாளும் அதுவுமா உளறாதே. அது மெருகு."

சொல்லிவிட்டாரே தவிர, அவர் கண்ணும் அங்கேதான் போனது. பாறையில் வழிந்த தண்ணீர் மேலே இருந்த பிளவு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. கீழே வெளியேற வழியில்லை. பூச்சுக்குப் பின்னால் தேங்கி நின்றது. அனலில் வெந்த பூச்சில் ஒரு விரிசல், பல்லி ஓடுவதுபோல மேலிருந்து கீழே ஓடி வந்தது. அது நின்ற இடத்துக்கு நேர் கீழே வடிவின் தலை.

"வடிவு! எந்திரி!"

கத்திக்கொண்டே பாய்ந்தார் பிச்சாண்டி. மகளை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு முதுகால் சுவருக்கு முட்டுக்கொடுத்தார். சுவர் பூச்சு அப்படியே ஒரே பாளமாகக் கழன்று, அவர் முள்ளில் குத்திக்கொண்டு நின்றது. முன்சுவர் முழுவதையும் போர்வை மாதிரி போர்த்திக்கொண்டு நடுவாசலில் நின்றார் பிச்சாண்டி.

வடிவுக்கு ஒரு கீறல் இல்லை. நாலு வளையல் உடைந்ததோடு சரி.

கோமுதான் முதலில் பேசினாள். "வீட்டுக்குப் பூசுவாங்கன்னு பார்த்தா, சம்பந்தி தனக்கே பூசிக்கிட்டாரே!"

கூட்டம் சிரித்தது. கோமு சிரிக்கவில்லை. மருமகளைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.

"குட்டி எங்க வீட்டுலயே பிறக்கட்டும். எங்களுது வெறும் பொந்துதான். ஆனா தலையில விழாது."

"அம்மா வீட்டுல இருந்துட்டு வர்றேனே அத்தை," என்றாள் வடிவு.

"உங்க அம்மா வீட்டுக்குச் சுவரு எங்கே இருக்கு தாயி?"

வடிவு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பிச்சாண்டி பாளத்தைச் சுமந்தபடியே குளத்துக்கு ஓடினார். கொம்பையா சேற்றில் சுகமாகப் படுத்திருந்தான். பாளத்தைச் சுற்றி வந்து பார்த்தான்.

"பாருங்க அண்ணாச்சி, என் பூச்சு ஒரு துண்டுகூட உடையலை! உங்க பழைய காரைதான் பிடியை விட்டுடுச்சு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

மறுநாள் பிச்சாண்டி சொல்லி அனுப்ப, செவத்தி வந்தாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் பிச்சாண்டிக்கு அதிகமாக வலித்தது.

"எங்கேருந்து தொடங்கணும் தாயி?"

"கூரை மேலேருந்து."

அவரே கூரை ஏறிப் பிளவை அடைத்தார். அவரே கல் தெரியக் கொத்தினார். அடைத்த மூன்று ஓட்டைகளையும் அவரே குச்சி விட்டுத் திறந்தார். செவத்தி ஒன்று காய்ந்து ஒன்றாக மூன்று பூச்சும் பூசிக் கொடுத்தாள்.

வடிவுக்கு இரட்டைக் குட்டி பிறந்த சேதி வந்தபோது பிச்சாண்டி சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆறாம் நாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடத்தான் கால் துடித்தது. ஓடவில்லை.

"நீ முன்னால போய்ப் பாரு," என்றார் சிவனம்மாவிடம். "முகம் யாரு மாதிரி இருக்குன்னு வந்து சொல்லு. நான் நாலு நாள் கழிச்சு, கூட்டிட்டு வர்றதுக்கே வர்றேன்."

உள்ளே இருக்கும் நோயைத் தீர்க்காமல், ஊர் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் அவசரமாக அழகு பூசுகிறவர், கடைசியில் அந்த ஊர் பார்க்கத்தான் அவமானப்பட வேண்டியிருக்கும்.