தாத்தான்னு பேரெடுத்த மைனா

துடுக்கன் ஒரு மைனா. உடம்பு கைப்பிடி அளவு, வாய் காடளவு. எந்தக் குரலையும் ஒருவாட்டி கேட்டாப் போதும், அப்படியே எடுத்து விட்டுரும்.

ஆத்துக்கு இந்தப் பக்கம் செவ்வந்தின்னு ஒரு யானை, பால்குடி மாறாத குட்டி உருண்டையோட இருந்துச்சு. செவ்வந்தியோட அப்பா பெரியகருப்பு இருந்தது அந்தப் பக்கம். வருசத்துல ஒருநாள் ஆறு வத்தினாத்தான் தாண்ட முடியும். பேரன் மூஞ்சிய அவரு இன்னும் பாக்கல.

தாத்தா குரலையாவது கொண்டாந்து குட்டிக்குக் காட்டுன்னு செவ்வந்தி கேட்டுக்கிச்சு. துடுக்கனும் தெனம் பறந்துச்சு. கிழவர் சொன்னத அதே கரகரப்புல வந்து சொல்லும்: "டேய் உருண்ட, தந்தம் மொளைச்சிருச்சா, இல்ல இன்னும் பொக்கைதானா?" குட்டி விழுந்து விழுந்து சிரிக்கும். துடுக்கனுக்கு அத்திப்பழம் நீட்டும்.

சாயங்காலமானா மட்டும் குட்டி காலு கூசுதுன்னு ஒத்தக் கால தூக்கிக்கிட்டு நிக்கும். எறும்பா இருக்கும்னு துடுக்கன் கேலி பண்ணும்.

ஆறு வத்திச்சு. பெரியகருப்பு வந்தாரு. பாறை ஒண்ணு எழுந்து நடந்து வந்தாப்புல இருந்துச்சு. குட்டி அம்மா காலுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு.

"தாத்தாடா" ன்னுச்சு செவ்வந்தி.

"பொய். தாத்தா குட்டியூண்டு இருக்கும், மூக்கு மஞ்சளா இருக்கும். அதோ, கிளையில உக்காந்திருக்கு பாரு."

காடே சிரிச்சுச்சு. கிழவர் சிரிக்கல. தும்பிக்கை தொங்கிப்போச்சு. மேக்கால வேற மேகம் கூடுது. மழை எறங்கி ஆறு பெருகுறதுக்குள்ள அவரு திரும்பியாகணும்.

துடுக்கன் வழக்கம்போல கிழவர் குரலெடுக்க வாயத் தெறந்துச்சு. அவரு கண்ணப் பாத்துச்சு. வாய மூடிக்கிச்சு. பொறந்ததுல இருந்து அதான் மொதவாட்டி. பறந்துபோயி அவரு காதுமேல உக்காந்துச்சு.

"பெரியவரே, அடித்தொண்டையில ஒண்ணு உறுமுவீங்களே, அத எடுத்து விடுங்க. நானும் முக்கிப் பாத்துட்டேன், ஏப்பந்தான் வருது."

கிழவர் கண்ண மூடி உறுமினாரு. காதுக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா குட்டையில தண்ணி வளையம் வளையமா நடுங்கிச்சு. துடுக்கனுக்கு அலகுல இருந்து வாலு வரைக்கும் சிலுத்துக்கிச்சு. காட்டுல ஒரு எலை அசையல.

குட்டி குனிஞ்சு தன் காலப் பாத்துச்சு. "அம்மா, தெனம் சாயங்காலம் கூசுமே, அதே கூச்சம்!"

"தெனமும் அந்நேரம் உன்ன நெனச்சுத்தான்டா உறுமுறேன்" ன்னாரு கிழவர். "அங்கேருந்து இங்க வருதா?"

குட்டி அம்மா காலுக்குள்ள இருந்து வந்து, அந்தப் பெரிய கால்மேல தன் சின்னக் கால வச்சுக்கிச்சு. மொதத் தூறல் விழுற வரைக்கும் எடுக்கல.

மறுநாள் துடுக்கன் சேதியோட வந்துச்சு. "தாத்தா நேத்து சாயங்காலமே காலு வழியாப் பேசிட்டாரு, மைனா மாமா" ன்னு சொல்லி குட்டி பழத்த நீட்டிச்சு.

ரெண்டு பேர ஒட்டவைக்கப் போறவன், ஒட்டுற நேரம் பாத்து நடுவுலேருந்து நகந்துக்கணும்.