ஒரே சாக்குச் சாமை

சித்திரை முடிந்து மலையில் நாலு தூறல் விழுந்ததும், சிறு மடம் ஒன்றை நடத்தும் அங்கம்மாள் தன்னிடம் பாடம் கேட்பவர்களைக் குடும்பத்தோடு கொல்லிமலைக்கு அழைத்துப் போவார். ஓடைக்கரையில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்க வேண்டும். கடைப் பொட்டலம் எதையும் கொண்டுவரக் கூடாது. ஒரே சாக்கிலிருந்து எல்லோருக்கும் சாமை அளந்து கொடுப்பார்கள். பாசிப்பயறும் அப்படித்தான். குண்டாவும் கரண்டியும்கூட மடத்துச் சாமான்தான், எல்லாம் ஒரே அளவு. அவரவர் கூடாரத்து வாசலில் மூன்று கல் வைத்து அவரவர் பொங்கிக்கொள்ள வேண்டும். அங்கம்மாள் வேளைக்கு ஒரு கூடாரமாகப் போய்ச் சாப்பிடுவார்.

இந்த வருடம் வேதநாயகி வந்ததே புருஷனுக்காகத்தான். பூபதிக்குச் சர்க்கரை முன்னூற்றைத் தாண்டிவிட்டது. தை மாதம் ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். காலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. மூன்று நாள் மலைக்காற்றும் சாமைக் கஞ்சியும் உள்ளே போனால் அவர் நாக்கு ஒரு வழிக்கு வரும் என்று நினைத்தாள். துணைக்கு இருக்கட்டும் என்று அவர் தம்பி தனபாலையும், தம்பி பெண்டாட்டி இந்துராணியையும் சேர்த்தே கூட்டி வந்தாள்.

கூட்டி வந்ததுதான் தப்பாகப் போயிற்று.

முதல் நாள் மதியமே பூபதி தம்பி கூடாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலச் சாப்பாடும் அங்கேதான். இரண்டாம் நாள் காலையில் வேதநாயகி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து தட்டின் முன்னால் உட்கார வைத்தாள். எதிரே அவளும் குந்தினாள்.

“மெதுவா. மென்னு முழுங்குங்க.”

“கஞ்சியை எப்படி மெல்லுறது வேதா?”

“பயறு இருக்குல்ல, அதை மெல்லுங்க. இது ரெண்டாவது கரண்டி. இதுக்கு மேல கிடையாது.”

“நான் கேக்கலியே.”

“கேப்பீங்க. எனக்குத் தெரியாதா? உங்க கொழுந்தியா கல்யாணத்துல பந்தி மாறி உக்காந்து மூணு ஜாங்கிரி தின்னவர்தானே.”

பூபதி பாதித் தட்டில் கையை எடுத்தார். எழுந்து போய்த் தன் துண்டையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டார்.

“எங்க கிளம்பியாச்சு?”

“தம்பி கூடாரத்துல நிழல் நல்லா இருக்கு. இன்னைக்கும் நாளைக்கும் அங்கயே சாப்பிட்டுக்கறேன்.”

பத்தடி தூரம்தான். மடத்துக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, தலையணையோடு நடந்து போனார். அங்கே இந்துராணி எதற்கோ சிரித்தாள். ஓடையின் அக்கரைக்குக் கேட்கும் சிரிப்பு அவளுடையது.

வேதநாயகிக்கு வயிறு எரிந்தது. யாருடைய கைச் சமையலைத் தேடிப் போகிறார்? அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்கி வழியும்வரை பராக்குப் பார்ப்பவளின் சமையலை. பதினெட்டு வருடத்தில் ஒரு நாளாவது ரசத்தைத் தெளிவாக வைத்திருப்பாளா? அவள் கஞ்சியில் ருசி எங்கிருந்து வந்தது?

புளி கேட்கும் சாக்கில் அந்தக் கூடாரத்துக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த கரண்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

“என்னக்கா தேடுறீங்க?” என்று இந்துராணி பின்னாலிருந்து கேட்டாள்.

“புளி.”

“கஞ்சிக்கா?”

வேதநாயகி கரண்டியை வைத்துவிட்டு நேரே ஓடைக்குப் போனாள். அங்கம்மாள் தன் புடவையை அலசிக்கொண்டிருந்தார். அவருக்கு இவளைவிட நாலு வயது குறைவு. ஆனாலும் பதினோரு வருடமாக வேதநாயகி அவரை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

“அம்மா, அவரை என் கூடாரத்துலதான் சாப்பிடணும்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னாத் தட்ட மாட்டார்.”

“அங்க சாப்பிட்டா என்ன?”

“அவ எதையோ ஒளிச்சுக் கொண்டாந்திருக்கா. வெல்லமோ, சீனியோ. இல்லேன்னா இந்த மனுஷன் இப்படிப் போய் விழுவாரா? நான் இவரை உசுரோட வெச்சுக்கணும்னு பாடுபடறேன். அவ சிரிச்சே கொன்னுடுவா.”

“வெல்லத்தைப் பாத்தீங்களா?”

“பாக்கல. கரண்டியை மோந்து பாத்தேன்.”

“என்ன வாசம்?”

“சாமை வாசம்தான். நல்லாக் கழுவி வெச்சிருக்கா, கெட்டிக்காரி.”

அங்கம்மாள் புடவையைப் பிழிந்தார். “நேத்து மத்தியானம் உங்ககிட்ட சாப்பிட்டேன். இன்னைக்கு மத்தியானம் இந்து முறை.”

“தெரியும்மா. நேத்து நீங்க ஒரு கரண்டிதான் வாங்கினீங்க. அங்க எத்தனை வாங்கறீங்கன்னு பாக்கத்தானே போறேன்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அங்கம்மாள் புடவையை உதறிப் பாறைமேல் விரித்தார். “கஞ்சியை இறக்கினதும் நீங்களும் இந்துவும் தண்ணிக்குப் போங்க. அடுப்பை நான் பாத்துக்கறேன்.”

உச்சிப் பொழுதில் இருவரும் குடத்தோடு போய்த் திரும்பினார்கள். இந்துராணி முன்னால் போனதும் அங்கம்மாள் வேதநாயகி பக்கத்தில் வந்தார்.

“உங்க குண்டா இப்ப அவ அடுப்புல இருக்கு. அவளோடது உங்க அடுப்புல. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.”

சொல்லிவிட்டு அவர் இந்துராணியின் கூடாரத்தில் போய் உட்கார்ந்தார்.

வேதநாயகி தன் கூடாரத் துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பூபதி முகம் சுளித்தால் இந்துராணி தலைகுனிவாள். ஆனால் சுளிப்பது தன் கஞ்சிக்கு. ருசித்துச் சாப்பிட்டால் ஜெயித்தது தன் கை. ஆனால் பெயர் இந்துராணிக்குப் போகும்.

பூபதி ஒரு வாய் குடித்தார். “இந்து, இன்னைக்குக் கஞ்சி பதமா இருக்கு.”

“நேத்து அடிப்பிடிச்சதையே ரெண்டு கரண்டி குடிச்சீங்களே மாமா, உங்க பேச்சை யாரு நம்புவா?” என்றாள் இந்துராணி. தனபாலுக்குப் புரையேறியது. பூபதி அவன் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வேதநாயகி பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

அது என் கஞ்சி என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. காலையில் பாதியில் வைத்துவிட்டு எழுந்தது இதே கஞ்சியை.

பூபதி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அதையும் வழித்துக் குடித்தார். இந்துராணி மூன்றாவது கரண்டியை எடுத்தாள். அவர் தட்டின்மேல் கையை வைத்து மூடினார்.

“வேண்டாம்மா. எனக்குச் சர்க்கரை. இதுக்கு மேல ஆகாது.”

வேதநாயகியின் கையிலிருந்து கூடாரத் துணி நழுவியது. இந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து வரவழைக்க ஏழு வருடமாக அவள் கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், ஒரு முறை பிறந்த வீட்டுக்குக்கூடப் போய்விட்டாள். அதைப் போய் இந்துராணியிடம் சொல்கிறார்.

திரும்பி, தன் அடுப்பில் இருந்த குண்டாவைத் திறந்தாள். இந்துராணியின் கஞ்சி. ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். நாக்கில் வைத்துக் காத்திருந்தாள். அடியிலிருந்து இன்னொரு கரண்டி எடுத்தாள். கடைசியில் குண்டாவையே சாய்த்து ஓரத்தை விரலால் வழித்துப் பார்த்தாள்.

அங்கம்மாள் கை கழுவிக்கொண்டு வந்தபோது அவள் அந்தக் குண்டாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வெல்லம் இருந்துதா?”

“இல்லம்மா.”

“சீனி?”

“ஒண்ணும் இல்ல. நம்ம சாக்குச் சாமை, நம்ம பயறு. உப்புகூட ஒரு கல்லு கம்மி.” அவள் குண்டாவைக் கீழே இறக்கி வைத்தாள். “நான் காய்ச்சினதுதான் அங்க அவருக்குப் பிடிச்சுது. அவ காய்ச்சினதுல ஒரு மாயமும் இல்ல. அப்ப அவ வேற என்னதான் பண்றா? எதைச் சொல்லி மயக்கறா? நீங்க பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டீங்களே, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்லுங்கம்மா, நானும் அதையே பண்ணிட்டுப் போறேன்.”

அங்கம்மாள் அவள் எதிரே உட்கார்ந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“இந்துவுக்கு நல்ல பசி. குனிஞ்ச தலை நிமிராமச் சாப்பிட்டா. அங்க என் வாயையும் யாரும் பாக்கல, அவர் வாயையும் யாரும் பாக்கலம்மா.”