பெயர் வெட்டிய டம்ளர்

“ஏம்மா அவ என்னைக் கூப்பிடவே இல்லை?” என்று கேட்டார் சபாநாயகம்.

தெய்வானையம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு பேருக்குச் சாம்பார் ஆக வேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

சபாநாயகத்துக்கு அறுபத்தாறு வயது. மருத்துவக் கல்லூரியில் இருபத்தாறு வருடம் எச்.ஐ.வி. பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர். தெய்வானையம்மாளுக்கு நாற்பத்தொன்று. படிப்பு எட்டாம் வகுப்பு. லாரி ஓட்டிய கணவன் அவருக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்து அந்தக் கிருமி. மாத்திரை போட்டுக்கொண்டு பதினெட்டு வருடமாக அதோடு வாழ்கிறார். தன்னைப் போல வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களைச் சேர்த்துவைத்து ஒரு வீடு நடத்துகிறார்.

இதில் யார் குரு, யார் சீடர் என்று படித்தவர்கள் குழம்பிக்கொள்ளட்டும். தரையில் உட்கார்ந்திருந்தவர் பேராசிரியர்தான்.

மூன்று மாதமாக, வாராவாரம், மடியில் ஒரு துணிப்பையோடு வந்து உட்காருகிறார். வாராவாரம் இதே கேள்வி.

அவருடைய மகள் பூவிழி, கணவனிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஒரு நாள் மாத்திரையை நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு காய்ச்சல் வந்து பின்னறையில் ஐந்து நாள் படுத்திருந்தாள். கேட்டவர்களுக்கு “சளிதான்” என்றாள். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்தார்கள். ஆறாம் நாள் காலையில் சாப்பாடு அப்படியே இருந்தது.

ஹாலுக்கும் அந்த அறைக்கும் பதினைந்து அடி தூரம்.

“வீட்ல நான், அவங்க அம்மா, அவ தம்பி, மூணு பேர் இருந்தோம். அதுல ஒருத்தன் டாக்டர். ஒரு குரல் குடுத்திருந்தா போதுமே.”

“அந்தக் கிருமி உள்ள போய் என்ன பண்ணும்? சொல்லுங்க சார்.”

“உங்களுக்குத் தெரியாததா?”

“எனக்குக் காய்ச்சல் தெரியும், வயித்துப்போக்கு தெரியும். நீங்க பாடமா சொல்லுங்க.”

சபாநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடம் என்றதும் அவருக்குக் குரலே மாறிவிட்டது. பாவம், வேறு எதுவும் அவருக்கு வராது.

“உடம்போட வாசல்ல காவலுக்கு ஒரு வெள்ளை அணு நிக்கும். கிருமியைப் பிடிச்சு, விசாரிக்கறதுக்காக நெறிகட்டுற இடத்துக்குத் தூக்கிட்டுப் போகும். மத்த அணுக்கள் அங்கதான் கூட்டமா இருக்கும். கிருமிக்கு வேண்டியது அந்தக் கூட்டம்தான்.”

“காவக்காரனே கொண்டுபோய் விடறான்.”

“ஆமா. அப்புறம் விழுங்கி அணு. எந்தக் கிருமி வந்தாலும் விழுங்கும். இதையும் விழுங்கும். ஆனா செரிக்காது. சீக்கிரத்துல சாகவும் சாகாது. உள்ளேயே வெச்சுக்கிட்டு நடமாடும்.”

“உங்க வீட்டம்மா மாதிரிங்க. எல்லாத்தையும் முழுங்கிட்டு, வாயைத் தொறக்காம நடமாடினாங்கன்னு சொன்னீங்களே.”

“எதிர்ப்பொருள் செய்யற அணு ஒண்ணு இருக்கு,” என்று சபாநாயகம் பாடத்தைத் தொடர்ந்தார். “ஓயாமச் செஞ்சு கொட்டும். அதுக்குள்ள கிருமி சட்டையை மாத்திக்கும். செஞ்சது அத்தனையும் பழைய சட்டைக்குத்தான் பொருந்தும்.”

“உங்க பையன் சத்துமாவு டப்பாவா வாங்கி அடுக்கினாருன்னு போன வாரம் சொன்னீங்களே.”

“அவ அதைத் தொடவே இல்லை.”

“ம். அப்புறம்?”

“கொல்லி அணு. கெட்டுப்போன அணுவைத் தேடிப்போய்க் கொல்லும். அதுதான் பெரிய வீரன். ஆனா போகப்போகச் சோர்ந்துடும். கத்தி கையில இருக்கும், வெட்டாது.”

“அது ஏனுங்க?”

“உதவி அணுவைத்தான் இந்தக் கிருமி முக்கியமாப் பிடிக்குது. உதவி அணு சண்டை போடாது. ஆனா அதுதான் மத்த அணுக்களை எல்லாம்…”

“எல்லாம்?”

“கூப்பிடும்.”

தெய்வானையம்மாள் கத்தியைக் கீழே வைத்தார்.

“அது செத்துட்டா?”

“மத்தது எல்லாம் உடம்புல இருக்கும்மா. ஆளுக்கு ஒரு பக்கமா நிக்கும்.”

அடுப்பில் பருப்பு கொதித்தது. அவர் எழுந்துபோய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்தார்.

“அந்தப் பையில என்ன இருக்குது?”

மூன்று மாதத்தில் இதை அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. சபாநாயகம் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தார். அதில் புள்ளிப்புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பூவிழி.

“கல்யாணச் சீருங்களா?”

“இல்லை. அவ திரும்பி வந்த வாரம் நானே பாத்திரக்கடைக்குக் கொண்டுபோய் வெட்டினேன். தட்டு, டம்ளர், ஒரு கரண்டி. மத்ததோட கலந்துடக் கூடாதுன்னு.”

“எச்சில்ல பரவுங்களா அது?”

“பரவாது.”

“அன்னிக்கும் தெரியுமா?”

“இருபத்தாறு வருஷம் அதைத்தானே சொல்லிக் குடுத்தேன்.”

“பூவிழி என்ன சொல்லுச்சு?”

“சீர்ப் பாத்திரத்தை எல்லாம் மாமியார் வீட்ல பிடுங்கிக்கிட்டாங்க. அதுக்குப் பதிலா நான் வாங்கிக் குடுத்திருக்கேன்னு நெனைச்சுட்டா. பேரைத் தடவிப் பார்த்தா. ‘எனக்காப்பா?’ன்னா. சிரிச்சா.”

“அப்புறம்?”

“அன்னிக்கு அவளே கழுவி, எல்லாப் பாத்திரத்தோடயும் கவுத்தா. அவங்க அம்மா அதை மட்டும் எடுத்து ஜன்னல்ல வெச்சா. பூவிழி அம்மாவைப் பார்க்கலை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தா.”

“நீங்க?”

“பேப்பர் படிச்சிட்டிருந்தேன்.”

எனக்கு அந்த மனிதரை ஓங்கி அறையலாம் போலிருந்தது. தெய்வானையம்மாள் அறையவில்லை. டம்ளரை எடுத்துக் குடத்தில் தண்ணீர் மொண்டார். அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்துப் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவர் முன்னால் வைத்தார்.

“குடிங்க சார்.”

பரவாது என்று சபாநாயகத்துக்குத் தெரியும்.

அவருடைய கை மடியிலேயே இருந்தது.

தெய்வானையம்மாள் கத்தியை எடுத்து அடுத்த வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார்.

“இப்பச் சொல்லுங்க. அந்தப் புள்ள யாரைக் கூப்பிட்டிருக்கோணும்?”